குளமா, கிணறா, குழாய்க்கிணறா: மச்சானுக்குப் பார்த்த வன்னித் தண்ணீர்க் கணக்கு

என் மச்சான் ஒருவருக்கு வவுனியா வடக்கில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. சிறு குளம் ஒன்றின் கட்டுக்குக் கீழே, வயல்வெளியின் ஓரமாக அது கிடக்கிறது. உள்ளே தகப்பனார் காலத்துக் கட்டுக்கிணறு, 20 அடி விட்டம். ஆவணி பிறந்தால் அடியைக் காட்டிவிடும். இந்த வருடம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மூன்று யோசனைகளோடு வந்தார். குழாய்க்கிணறு அடிப்பதா, இருக்கும் கிணற்றை இன்னும் தோண்டுவதா, குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் கமக்காரர் அமைப்பில் மல்லுக்கட்டுவதா? எது நல்லது என்று ஒரே சொல்லில் கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேச முன்னர் அது குடியிருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. இலங்கையின் அடிப்பாறைகளை வகுத்த புவியியலாளர்கள் ஒரு பிரிவுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர் வைத்தார்கள். குருநாகல் பக்கத்துப் பாறையும் அந்தப் பெயருக்குள் அடக்கம் என்பதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரு சிறு பெருமை. பாறை தன் உடம்பில் தண்ணீர் வைத்திருப்பதில்லை. மேலே உக்கி நொறுங்கிய படையிலும், ஆழத்தில் ஓடும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். மேற்கே மன்னார், முழங்காவில், பூநகரிப் பக்கம் போனால் சுண்ணக்கல்லும் மணற்கல்லும் படிந்த நிலம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல். இலங்கையின் நிலத்தடி நீரை மண்ணியலாளர் பானபொக்க ஆறு வகையாகப் பிரித்தார். அவற்றுள் நான்கையாவது வன்னிக்குள்ளேயே காணலாம். ஆகவே மன்னார்ப் பக்கத்து முருங்கனில் பலித்தது வவுனியா வடக்கு நெடுங்கேணியில் பலிக்கும் என்று எவரும் சத்தியம் செய்யக் கூடாது.

குளம்: கண்ணுக்குத் தெரியும் தண்ணீர்

குளத்தின் முதற் பெருமை, அதை எவரும் அளக்கலாம் என்பது. மாரி தொடங்கினால் கிளிநொச்சியில் ‘இரணைமடு இன்றைக்கு எத்தனை அடி’ என்பதுதான் பேச்சு. துருசடியில், அதாவது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகடியில், அளவுகோல் நிற்கிறது; அடியைப் பார்த்து அட்டவணையைப் பார்த்தால் கொள்ளளவு தெரிந்துவிடும். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இரணைமடு, படிப்படியாக உயர்த்தப்பட்டு 106,500 ஏக்கர் அடி கொள்ளும் குளமாயிற்று. அதாவது சுமார் 13 கோடி கனமீற்றர். அண்மைய புனரமைப்பில் அது இன்னும் கூட்டப்பட்டது. இவ்வளவு தண்ணீரை வெறுங்கண்ணால் பார்க்கலாம், பங்கிடலாம், சண்டையும் பிடிக்கலாம். 2018 டிசம்பரில் ஓரிரவில் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் வெள்ளத்தில் நின்றபோது குளத்தின் மறுமுகத்தையும் பார்த்தோம்.

அளவுகோல் உண்மை சொல்கிறதா என்பது வேறு கேள்வி. அட்டவணை போட்ட காலத்துக்குப் பிறகு அடியில் எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்பது கோலுக்குத் தெரியாது. பெரிய குளத்தில் இந்தப் பிழை ஓரளவுக்குள் அடங்கும். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்களில் கணக்கையே புரட்டிவிடும்.

அதைவிடப் பெரிய கள்வன் வெயில். மச்சானின் குளம் நிறைந்தால் துருசடியில் எட்டு அடி. குளம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் நான்கு அடி என்று வைப்போம். சித்திரை முதல் ஆடி வரை, தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் நாட்களில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 120 நாளில் 600 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அடி. பாதிக் குளம் ஒரு பயிரையும் பார்க்காமல் வானத்துக்குப் போகிறது. பரந்தும் ஆழமின்றியும் கிடக்கும் கட்டுக்கரைக்குளம் போன்றவற்றில் இந்த வரி இன்னும் கனமாக விழும். அருவி ஆற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணையில் திருப்பி அங்கே கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பாடு என்று நினைத்தால் வயிறு எரியும்.

தூர்வாருதல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துருசின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்திலிருந்து ஒரு சொட்டும் வாய்க்காலில் ஏறாது. மாடு குடிக்கும், மீன் வளரும், அவ்வளவுதான். அவசரப்பட்டு அடிக் களிமண்ணை உடைத்துவிட்டால் குளம் ஒழுகத் தொடங்கும். ஆனால் அந்த ஒழுக்கு எங்கே போகிறது என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

கட்டுக்கிணறு: மண்ணுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி

கிணற்றுத் தண்ணீருக்கு வெயில் வரி மிகக் குறைவு. வாய்க்கால் காவலும் இல்லை, பயிர்ச்செய்கைக் கூட்டமும் இல்லை. விரும்பிய நேரம் பம்பியை இயக்கலாம். அதனால்தான் மிளகாயும் வெங்காயமும் கச்சானும் போடுகிறவர்கள் குளத்தைவிடக் கிணற்றையே நம்புகிறார்கள். நெல்லுக்குக் குளம், காசுப்பயிருக்குக் கிணறு என்பது வன்னியில் எழுதாத சட்டம்.

பெட்டியோ சிறிது. உக்கிய பாறைப் படையில் ஈரம் நிறைய இருந்தாலும் வடிந்து கிணற்றுக்குள் வரக்கூடியது அதன் கன அளவில் நூற்றுக்குச் சில வீதமே. மூன்று வீதம் என்று எடுங்கள். மாரியில் நிலத்தடி நீர் மூன்று மீற்றர் ஏறினால் ஒரு ஏக்கருக்குக் கீழே சேர்வது சுமார் 360 கனமீற்றர். கோடையில் ஒரு ஏக்கர் மேட்டுப்பயிருக்குச் சுமார் 2,000 கனமீற்றர் வேண்டும். ஆக, ஒரு ஏக்கர் மிளகாயைக் காப்பாற்ற ஐந்தாறு ஏக்கர் நிலத்தின் அடித்தண்ணீர் தேவை. ஒழுங்கையின் இரு பக்கமும் கிணறு கிணறாக வெட்டிவிட்டு, எல்லாக் கிணறும் ஒரே மாதத்தில் வற்றுகிறது என்று புலம்புவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. செய்வினை என்று நினைத்தவர்களையும் நான் அறிவேன்.

கிணற்றை ஆழப்படுத்தினால்? உக்கிய படை முடிந்து கருங்கல் தொடங்கிய பிறகு தோண்டுவது ஊறலைக் கூட்டாது, தொட்டியைத்தான் பெரிதாக்கும். இரவில் ஊறுவதைப் பிடித்துவைக்க அது உதவும். கல் உடைக்கும் கூலிக்கு அது போதுமா என்பது காசு கொடுப்பவர் முடிவு.

ஒரே தண்ணீருக்கு இரண்டு பெயர்

ஒரு வருடம் குளத்தில் தண்ணீர் குறைவென்று சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) செய்வதில்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். வாய்க்கால் காய்ந்தது. மச்சானுக்குக் கவலை இல்லை; அவருக்கு வயல் இல்லை, கிணறுதானே. வழக்கமாக ஆவணியில் அடிகாட்டும் கிணறு அந்த வருடம் ஆனியிலேயே காட்டியது. மழை அதற்கு முந்திய மாரியில் அவ்வளவு மோசமில்லை. குறைந்தது என்னவென்றால், வயலில் தேங்கிக் கீழே இறங்கும் தண்ணீரும் வாய்க்கால் கசிவும். அவர் ‘தன்’ கிணறு என்று நினைத்ததில் கணிசமான பங்கு குளத்தின் தண்ணீர்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை, சோதிக்கலாம். வெயிலில் கிடந்த குளத்து நீரில் இலேசான மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிப் போக, பாரமான ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதம் கூடும். நேரே மழையிலிருந்து இறங்கிய நீரில் அந்தத் தடயம் இராது. கிணற்று நீரின் மாதிரியை எடுத்து ஒப்பிட்டால் குளத்தின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடலாம். இவ்வளவுக்குப் போகாவிட்டாலும், கல் கட்டிய நூலைக் கிழமைக்கொரு தடவை கிணற்றில் விட்டு, துருசடி அளவோடு சேர்த்துக் கலண்டரில் எழுதினால் இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்குவது தெரியும்.

என் மனத்தாங்கல் இங்கேதான். பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது, சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். நிலத்தடி நீர் நீர்வளச் சபையின் பொறுப்பு. குழாயில் வரும் குடிநீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. ஒவ்வொரு கொப்பியிலும் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டும்போது, குளத்தில் ஒருமுறை எண்ணிய தண்ணீரைக் கிணற்றில் மறுமுறை எண்ணிவிடுகிறோம். ‘கசிவு வீணாகிறது, வாய்க்காலுக்குச் சீமெந்து போடுவோம்’ என்று ஒரு கொப்பி சொல்லும்போது மற்றக் கொப்பியின் வரவு குறைகிறது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்த நாட்களில் என் காதில் விழுந்த வாதமெல்லாம் குளத்து அடிக்கணக்கும் சிறுபோக ஏக்கர்க் கணக்கும்தான். கட்டுக்குக் கீழே உள்ள கிணறுகள் பேச்சில் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது; 2024 இல் திறந்தார்கள்.

குழாய்க்கிணறு: சீட்டிழுப்பு

கருங்கல் நிலத்தில் குழாய்க்கிணறு என்பது வெடிப்பைத் தேடும் வேட்டை. நல்ல வெடிப்பு அகப்பட்டால் கோடையிலும் தண்ணீர். பத்து அடி தள்ளித் துளைத்தால் தூசி. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தித் தடையை அளந்து பார்க்கும் முறை, உக்கிய படை எவ்வளவு தடிப்பு, பாறை எங்கே தொடங்குகிறது என்று ஓரளவு காட்டும். ஒடுங்கிய வெடிப்பை அது தவறவிடவும் கூடும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நான் கேலி செய்வதில்லை. ஆனால் அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வராத கதைகளை ஊர் மறந்துவிடுகிறது, வந்த கதைகளை மட்டும் வைத்திருக்கிறது. துளைத்த பிறகும் ஒரு நாளாவது தொடர்ந்து இறைத்து மட்டம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மச்சானின் அயலவர் ஒருவருக்குத் துளைத்தவர்கள் அரை மணித்தியாலம் இறைத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பம்பி காற்றைக் குடித்தது.

தரமும் பார்க்க வேண்டும். பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர் அதிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைட்டைக் கரைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெப்பமான எங்கள் நாட்டில் ஆட்கள் அதிகம் குடிப்பார்கள் என்பதால் இலங்கைத் தர நியமம் 1 மில்லிகிராம் என்று இறுக்குகிறது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் கபிலமுமாகக் கறை படிவதை எங்கள் பக்கத்தில் கண்டவர்கள் பலர். காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோயும் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர்தான் முழுக் காரணம் என்று இன்னும் எவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆழத் தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீர் என்ற நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மேற்கில் கதை மாறும். முருங்கன், முழங்காவில் பக்கத்து ஆழப் படைகளில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர் இருக்கிறது. அங்கே குழாய்க்கிணறு நியாயமான தெரிவு. ஆனால் மேலே பெய்யும் மழை நேரே அங்கே இறங்குவதில்லை, நிரப்பு மெல்லத்தான். பூநகரி போன்ற கரையோரத்தில் இன்னும் பயம். மேலோட்ட நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் இடங்களில், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் நாற்பதும் போயிற்று.

குடிக்க மட்டும் என்றால்

இங்கே மூன்றையும் ஒதுக்கிவிட்டு நான் கூரைக்குப் போவேன். ஐந்து பேருள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் போதும். 8,000 லீற்றர்த் தொட்டி 320 நாளைக்குக் காணும். முதல் மழையை வெளியே விட்டு, வாயை வலையால் மூடினால் போதும். புளோரைட்டும் இல்லை, கல்சியமும் இல்லை. சுத்திகரிப்பு இயந்திரம் வைத்த சங்கங்களின் தண்ணீரும் நல்லதே. ஆனால் அந்த இயந்திரம் இறைக்கும் நீரில் ஒரு பெரும் பங்கை உப்புச் செறிந்த கழிவாக வெளியே விடுகிறது. அதைக் கானில் ஊற்றினால் திரும்பவும் அயற் கிணற்றுக்கே போகும். மழைத் தண்ணீரில் ருசி இல்லை, தேத்தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பது என் மாமியின் முறைப்பாடு. அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

மச்சானிடம் கடைசியில் காசு செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்யச் சொன்னேன். 20 அடி விட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 8,900 லீற்றர். மாலையில் இறைத்துவிட்டு மட்டத்தை நூலால் அளக்க வேண்டும், காலையில் மறுபடியும் அளக்க வேண்டும். வைகாசியில் ஒரு இரவுக்கு நான்கு அடி ஊறியது: ஏறத்தாழ 35,600 லீற்றர். மிளகாய்க்கு ஏக்கருக்கு நாளைக்கு 20,000 லீற்றர் என்று வைத்தாலும், வாய்க்காலில் போகும் சேதத்தைக் கழித்துவிட்டு ஒரு ஏக்கர் தாங்கும். ஆவணியில் அதே கிணறு ஒன்றரை அடிதான் ஊறியது.

அவர் குழாய்க்கிணற்றை ஒத்திவைத்துவிட்டார். அரை ஏக்கருக்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்கியிருக்கிறார், மிச்சக் காசில் கூரைக்குப் பீலி. கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கும் போகத் தொடங்கியிருக்கிறார். வயல் இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று முதல் நாளே ஒருவர் கேட்டாராம். கிணற்று மட்டமும் துருசடி அளவும் எழுதிவந்த கலண்டரைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.