ஆண்களோடா, பெண்களோடா: மிஷெல் வீ எங்கே ஆடியிருக்கலாம்?

2004 ஜனவரியில் ஹவாயில் நடந்த சோனி ஓபனில் 14 வயது அமெரிக்க கோல்ஃப் வீராங்கனை மிஷெல் வீ ஆண்களோடு ஆடி, இரண்டாம் நாள் ஆட்டத்தை 68 அடிகளில் முடித்தும் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (அடியில்) ‘கட்’டை, அதாவது முதல் இரண்டு நாள் முடிந்ததும் போட்டியில் தொடரும் தகுதியை, தவறவிட்டார். முந்தைய வருடம் இதே முயற்சியில் இறங்கிய அனிகா சோரன்ஸ்டாம் தவறவிட்டது நான்கு ஸ்ட்ரோக்கில், அதுவும் அப்போது அவர்தான் பெண்கள் கோல்ஃபின் ராணி. சும்மா இல்லை.

அப்புறம்தான் சிக்கல். 2006இல் கொரியாவில் ஆண்கள் போட்டி ஒன்றில் ‘கட்’டைத் தாண்டினார், சரி, ஆனால் அதே வருடம் செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்திலும் பென்சில்வேனியாவிலும் கடைசி இடம். ஆண்கள் போட்டிகளில் மைதானம் பெரும்பாலும் 7000 கெஜத்தைத் தாண்டும், பெண்களுக்கு 6500 பக்கம். பந்தைத் தூரமாக அடிப்பவர்தான், ஆனாலும் ஆண்களிடம் அந்தச் சாதகம் கரைந்துபோகும், மிச்சம் இருப்பது பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவது), அதுதான் அவருடைய பலவீனம்.

அந்த வருடமே பெண்கள் மேஜர் (மிகப் பெரிய போட்டிகள்) மூன்றில் முதல் ஐந்துக்குள் வந்தவர் இவர்! கூட்டமும் பணமும் ஆண்கள் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயிக்கப் பழக வேண்டிய வயதில் ‘கட்’டுக்காகப் போராடியது எனக்கு வீண் என்றே படுகிறது. அவருடைய ஒரே மேஜர், யு.எஸ். விமன்ஸ் ஓபன், 2014இல்தான் வந்தது.