750 கார்புரேட்டரைக் கழற்றி 600-ஐ மாட்டினேன்: ஷெவெல் மாலிபுவில் ஆறு வருடம்

என் வண்டி 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபு. 350 கன அங்குல வி8 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இதே ஷெவெலின் பெரிய இன்ஜின் ரகமான எஸ்.எஸ். 396 வைத்திருப்பவர்கள் இதை மசில் கார் (வலு மிகுந்த அமெரிக்கக் கார்) கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். சேர்க்காவிட்டால் போகட்டும். டாலஸில் சனிக்கிழமை காலை இதை ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

வாங்கும்போது தொழிற்சாலையில் பொருத்திய இரண்டு பேரல் (காற்று போகும் இரண்டு துளை) ரோச்செஸ்டர் கார்புரேட்டர்தான் இருந்தது; பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது அதுதான். அந்தக் காலக் கணக்கில் அதற்கு 250 குதிரைத்திறன். அதே ஆண்டு நாலு பேரலுடன் வந்த 350-க்கு 300. இந்த ஐம்பதின் மேல்தான் எனக்கு ஆசை விழுந்தது. அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டை டூயல் பிளேன் ரகமாக மாற்றினேன். அப்புறம் பழைய சாமான் சந்தையில் கிடைத்த ஒரு 750 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடும்) டபுள் பம்பர் கார்புரேட்டரை மேலே உட்காரவைத்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். ரேஷன் கடைக்குப் பெரிய பை கொண்டுபோனால் அரிசி கூடுதலாகவா போடுவார்கள்? இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத்தான் இழுக்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பெடலை மிதித்தால் ஒரு நொடி மூச்சடைத்து நிற்கும், பிறகுதான் பாயும். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. காலனுக்கு 9 மைல். கராஜில் எப்போதும் பெட்ரோல் வாடை, வீட்டில் அதற்குத் தனி அர்ச்சனை.

அந்த 750-ஐக் குறை சொல்ல மாட்டேன். டபுள் பம்பரில் செகண்டரி, அதாவது பின்னால் உள்ள இரண்டு பேரல், பெடலோடு இணைந்த லிங்கேஜ் வழியாக நேரடியாகத் திறக்கும். எடை குறைந்த கார், கையால் மாற்றும் கியர், பெரிய கேம்ஷாஃப்ட் என்றால் அது பொருந்தும். என்னுடையது கனமான ஆட்டோமேட்டிக். குறைந்த ஆர்.பி.எம்.மில் அவ்வளவு அகலமான தொண்டையில் காற்று மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போகும் காற்றுக்குப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும் வலு இல்லை.

கார்புரேட்டர் வாங்குவதற்கு முன்பே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். 350, 5500 என்று போட்டால் 557 சி.எஃப்.எம். வருகிறது. தெரு இன்ஜின் காற்றால் நூற்றுக்கு நூறு நிரம்பாது, 85 சதவீதம் வைத்தால் 473. ஆக, 600 என்பதே தாராளம்.

600-லும் இரண்டு கட்சி உண்டு. வேக்கம் செகண்டரியுடன் (காற்றோட்டத்தின் உறிஞ்சலால் திறப்பது) வரும் ஹோலி 1850 ஒன்று, எடல்பிராக் 1406 இன்னொன்று. நோண்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஹோலிதான் சொர்க்கம், மாற்றிப் பார்க்க அவ்வளவு இருக்கிறது. ஆனால் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) மாற்ற வேண்டுமென்றால் பக்கவாட்டு பவுலை (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) கழற்ற வேண்டும், பெட்ரோல் இன்டேக் மேல் வழியும். 1406, 1957-இல் வந்த கார்ட்டர் ஏ.எஃப்.பி. என்ற கார்புரேட்டரின் வழியில் வந்தது. பவுலின் மூடி மேலே இருக்கிறது, பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே கேஸ்கெட் கிடையாது. எலெக்ட்ரிக் சோக்குடனே வருகிறது. ஊரில் டி.வி.எஸ். 50-இன் ஜெட்டை வாயால் ஊதி வளர்ந்தவன் நான், எனக்கு இது போதும் என்று பட்டது.

மாட்டியதும் சுகமாக ஓடியது என்று சொன்னால் பொய். மூன்று கோளாறு வந்தது, முதல் இரண்டும் என் கைவரிசை. சோக் வயரை இக்னிஷன் காயிலிலிருந்து எடுத்தேன். இந்தக் கார்களில் காயிலுக்குப் போவது ரெசிஸ்டன்ஸ் வயர், முழு 12 வோல்ட் வராது. சோக் திறக்கவே நேரம் எடுத்தது, காயிலுக்கும் கரண்ட் குறைந்தது. சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடமாகப் பார்த்து மாற்றினேன். அடுத்தது பெட்ரோல் பம்ப். புதிதாகப் போட்ட பம்ப் 7.5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளியது, பவுலுக்குள் பெட்ரோலைத் தடுக்கும் ஊசி வால்வால் அதைத் தாங்க முடியாமல் ஓவர்ஃப்ளோ. ரெகுலேட்டர் வைத்து 5.5-க்கு இறக்கியதும் அடங்கியது.

மூன்றாவது டெக்சஸ் வெயில். இங்கே பம்பில் வருவது 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். வண்டியை நிறுத்திக் கடைக்குள் போய் இருபது நிமிடத்தில் திரும்பினால், பவுலில் கொதித்த பெட்ரோல் இன்டேக்குக்குள் இறங்கி ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கும். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டை எளிதில் கடத்தாத அரை அங்குல ஃபெனாலிக் ஸ்பேசர் வைத்தேன், முக்கால்வாசி சரியாயிற்று. ஸ்பேசர் வைத்தால் ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்குமா என்று முதலில் பாருங்கள். நான் ஏர் கிளீனர் மேல் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்தேன். மாவு நசுங்கி அரை அங்குலத்துக்குச் சற்று மேல் நின்றது, தப்பித்தேன்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். 1406-இன் தலையில் இரண்டு சின்னத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஸ்க்ரூ. கழற்றினால் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டி பிஸ்டன் எழுந்து வரும், அதில் ஊசி மாதிரி ஒரு ராடு தொங்கும். ராடில் இரண்டு தடிமன், 1406-இல் .075 அங்குலமும் .047 அங்குலமும். சும்மா ஓட்டும்போது வேக்கம் (இன்ஜினின் உறிஞ்சல்) பிஸ்டனைக் கீழே இழுத்துப் பிடிக்கும். தடித்த பகுதி ஜெட்டுக்குள் நின்று பெட்ரோலைக் குறைக்கும். பெடலை மிதித்தால் வேக்கம் விழும், ஸ்பிரிங் தூக்கும், மெலிந்த பகுதி வந்து பெட்ரோல் கூடும். எந்த வேக்கத்தில் தூக்க வேண்டும் என்பதை ஸ்பிரிங்கின் நிறம் சொல்லும். கூடவே வரும் ஆரஞ்சு, 5 அங்குல பாதரச அளவு வேக்கத்தில் தூக்கும்.

இது சிக்கனத்துக்காக ட்யூன் செய்து வருவது. எத்தனால் பெட்ரோலில் என் இன்ஜினுக்கு அது கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) போய், 55 மைல் வேகத்தில் லேசாகத் துள்ளியது. தடித்த பகுதி கொஞ்சம் மெலிந்த .070 ராடு போட்டேன், துள்ளல் போயிற்று.

இரண்டாவது கோடையில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் போனோம். ஊரே 6,000 அடி உயரம், காற்று மெலிசு. அதே ராடு அங்கே ரிச்சாகிவிட்டது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடிப்போனது. கண் எரிகிறது என்று பின் சீட்டிலிருந்து புகார். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்தி, பையனை டார்ச் பிடிக்கச் சொன்னேன். பழைய மாத்திரை டப்பாவில் வைத்திருந்த .075-ஐத் திரும்பப் போட்டேன். பத்து நிமிடம், ஒரு சொட்டு பெட்ரோல் சிந்தவில்லை. ஒன்று மட்டும்: கழற்றுவதற்கு முன் கார்புரேட்டர் வாயைத் துணியால் மூடுங்கள். அந்த ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் பயணம் அதோடு முடிந்தது.

ஆறு வருடம், சுமார் 14,000 மைல். ஹைவேயில் காலனுக்கு 15, ஊருக்குள் 11. ஐந்தாம் வருடம் ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர் தேய்ந்தது, மாற்றினேன். மூன்று வாரம் நிறுத்தி வைத்தால் பவுல் காய்ந்துவிடும், ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் நேரம் சுற்ற வேண்டும்.

எல்லோருக்கும் 1406-ஐச் சொல்ல மாட்டேன். செகண்டரியின் மேல் உள்ள எடைவைத்த தட்டு எப்போது திறக்கும் என்பதை ஸ்பிரிங் மாற்றித் திருத்த வழியில்லை, ட்ராக்கில் ஓட்டுபவருக்கு அது உறுத்தும். உங்கள் காரில் ஒரிஜினல் குவாட்ராஜெட் (ரோச்செஸ்டரின் நாலு பேரல் கார்புரேட்டர்) நல்ல நிலையில் இருந்தால் காசைச் செலவழிக்காமல் அதையே சுத்தம் செய்து ஓட்டுங்கள்.

அந்த 750 என்ன ஆயிற்று என்றால், 454 இன்ஜின் வைத்திருந்த ஒருவர் வாங்கிப்போனார். அவர் இன்ஜினுக்கு அதே கணக்கைப் போட்டால் 722 வருகிறது, அதில் 85 சதவீதம் பார்த்தாலும் 600-ஐத் தாண்டும். போன மாதம் சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்றார். பச்சை விழுந்தது, நான் பெடலில் கால் வைப்பதற்குள் அவருடைய பின்விளக்குதான் தெரிந்தது.