மூவாயிரம் பவுண்டு கரைந்த கதை: ஒரு நாவலும் இரண்டு படங்களும்

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' 1811ல் வந்தது. காதல் கதை என்றுதான் கையில் எடுத்தேன். இரண்டாம் அத்தியாயத்துச் சொத்துப் பேச்சிலேயே கட்டுண்டு போனேன்.

சாகக் கிடக்கும் அப்பாவிடம், சித்தியையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள்வதாக ஜான் வாக்குக் கொடுக்கிறான். ஆளுக்கு ஆயிரம், மொத்தம் மூவாயிரம் பவுண்டு என்று மனசுக்குள் கணக்கும் போடுகிறான். அப்புறம் அவன் மனைவி ஃபேன்னி பேச ஆரம்பிக்கிறாள். ஆயிரம் ஐந்நூறாகிறது. அதுவும் போய், சித்திக்கு வருஷம் நூறு என்றாகிறது. வருஷாவருஷம் பணம் வருகிறதென்றால் மனுஷருக்குச் சாவே வராது என்று அதையும் தட்டிவிடுகிறாள். கடைசியில் மிஞ்சுவது வீடு மாற்ற ஒத்தாசையும், அந்தந்தப் பருவத்தில் கொஞ்சம் மீனும் வேட்டைக்கறியும்தான். சண்டையே கிடையாது; எல்லாம் நயமான பேச்சு.

காங்கேயம் பக்கம் என் அத்தை, பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் இப்படித்தான். "சீரெல்லாம் செஞ்சாச்சு, பொறந்த வீடு எங்க போயிரப் போகுது அம்மிணி" என்றார்கள். அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மூட்டைத் தேங்காய் வந்தது. அத்தை வாய்விட்டு ஒரு குறை சொன்னதில்லை. நாவலில் அந்த மூன்று தங்கைகளில் மூத்தவள் எலினாரும் அப்படியே. அதனால்தான் அவள்மேல் எனக்கு அத்தனை பிரியம்.

1995ல் ஆங் லீ எடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கிய எம்மா தாம்சனே எலினாராகவும் நடித்தார். கல்யாணமாகிவிட்டது என்று அவள் நம்பியிருந்த காதலன் எட்வர்டுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும், நாவலில் எலினார் அறையைவிட்டு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். படத்தில் அவன் எதிரிலேயே, அடக்க அடக்க நிற்காத விம்மல். கதை முழுக்க அடக்கி வைத்தது அப்படித்தான் வெடிக்கும். இந்த ஒரு இடத்தில் நாவலைவிடப் படம் மேல்.

இதே கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000ல் வந்தது. செட்டிநாட்டு வீடு, தாத்தாவின் உயில், படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட மகள் ஸ்ரீவித்யாவுக்கு ஒன்றுமில்லை. நம்மூர்க் கதையாகவே ஆகிவிட்டது. நாவலில் எலினாரின் தங்கை மரியானைக் காதலித்துக் கைவிடும் வில்லபி, இதில் நிதி நிறுவனம் நடத்தி மூழ்குகிற அப்பாஸ். பைனான்ஸ் கம்பெனியில் பணம் போட்டுத் தவித்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன்னை விரும்பும் முப்பத்தைந்து வயது கர்னல் பிராண்டன், குளிருக்கு ஃப்ளானல் உடுப்புப் போடுவதையே மரியான் நாவலில் கேலி செய்வாள். இங்கே அவர் போரில் காலை இழந்த மேஜர், மம்மூட்டி. நல்ல மாற்றம். எட்வர்டின் இடத்தில் வரும் அஜித் சினிமா எடுக்கிற பகுதிதான் ரொம்ப நீளம். சென்னைக்கு வந்து வேலை தேடி, வீட்டைத் தாங்குகிற, எலினாரின் இடத்தில் வரும் தபுவுக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கலாம்.