தோட்டத்துக்கு ஷெட்: ரெடிமேடா, நாமே கட்டுவதா?

மண்வெட்டி, உரமூட்டை, புல் வெட்டும் மெஷின், சுருட்டிய ஹோஸ் பைப். இத்தனையும் நனையாமல் இருக்க 8க்கு 6 அடியில் ஒரு ஷெட் தாராளம். ரம்பமும் டிரில்லும் பிடித்துப் பழகிய கை என்றால் மரத்தில் நீங்களே கட்டுங்கள் என்பதே என் கட்சி.

ரெடிமேடில் அளவெடுக்க வேண்டாம், மரம் வீணாகாது, ஓரிரு நாளில் நின்றுவிடும். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பெரும்பாலான தகர ஷெட்களில் தரை கூட வராது. அடித்தளம் எப்படியும் நம் தலையில்தான். தரை கொஞ்சம் சரிந்தாலும் மெல்லிய தகரக்கூடு கோணிக்கொள்ளும், தள்ளுகதவு பாதியில் சிக்கும், ஸ்க்ரூ துளைகள் நேருக்கு நேர் வராது. அந்தத் துளையை டிரில் போட்டு அகலப்படுத்தினால் பிறகு மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் இறங்கும்.

ஆகவே எதைத் தேர்ந்தாலும் மேல்மண்ணை 4 அங்குலம் வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். 8க்கு 6 அடி என்றால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 10 அடி வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மூலைகள் செங்கோணம் தப்பிவிட்டன. இந்த முதுகொடிக்கிற வேலை இரண்டுக்கும் பொது. ரெடிமேடில் மிச்சமாகும் உழைப்பு நினைப்பதைவிடக் குறைவு என்பது இதனால்தான்.

செலவை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நல்ல மரம் வாங்கினால் மலிவான தகர ஷெட்டைவிடக் கூடவே ஆகலாம். எனக்கு முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு.

ஒற்றைத் தகரம் ராத்திரியில் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று கூரையின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் சொட்டும். கூரையில் ஓட்டையே இல்லாமல் கருவிகள் துருப்பிடிப்பது இப்படித்தான். யூரியா அந்த ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். கசியும் உரநீர் தகரத்தின் கீழ்விளிம்பை அரிக்கும். காற்றுக்காகப் பிறகு தகரத்தை வெட்டினால் வெட்டிய விளிம்பிலிருந்தே துரு கிளம்பும். நாமே கட்டும்போதோ, எதிரெதிர்ச் சுவர்களில் கூரைக்குக் கீழே 2 அங்குல இடைவெளி விட்டு எலி நுழையாத கம்பிவலை அடித்துவிட்டால் காற்று தானாக ஓடும்.

இன்னொன்று பழுது. ஏணி சாய்ந்து ஒரு தகரம் நசுங்கினால் அதே மாடலின் தகரம்தான் வேண்டும். வேறொன்றின் மடிப்பு பொருந்தாது. அந்த மாடல் நின்றுபோயிருந்தால் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்ட வேண்டும். மர ஷெட்டிலும் பழுது வரும். ஆனால் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும்: மண்ணிலிருந்து மழை தெறிக்கும் அடிப்பலகையில். அதனால் தரைச்சட்டத்தைக் கான்கிரீட் பிளாக் மேல் 6 அங்குலம் உயர்த்துங்கள். கரையான் ஏறினாலும் குனிந்து பார்த்தால் மண்கோடு தெரியும். கூரையைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டுங்கள். அடிப்பலகைக்கு மட்டும் ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்கள். இற்றுப்போனால் அந்த ஒன்றை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டலாம்.

கட்டுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது மூன்று இடத்தில். இற்றுப்போகாமலும் கரையான் அரிக்காமலும் இருக்க மருந்து ஏற்றிய மரத்தை அறுத்த பிறகு வெட்டுமுனைக்கு மறுபடி மருந்து பூச மறப்பது. மருந்து பெரும்பாலும் நடுமரம் வரை இறங்கியிருக்காது. அடுத்து கதவு. பின்புறக் குறுக்குச்சட்டம் கீழ்க்கீல் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். திருப்பி அடித்தால் எடையைத் தாங்காது, கதவு தொங்கி நிலையில் உரசும். மூன்றாவது, கூரை ஸ்க்ரூவை மூச்சைப்பிடித்து முறுக்குவது. ரப்பர் வாஷர் பிதுங்கினால் போச்சு, அங்கேதான் ஒழுகும்.

வேலை இதோடு தீராது. பெயிண்டைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மேற்கு வெயில் காயும் பக்கம் முதலில் வெளுக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர் மரத்தின் பக்கமே போக வேண்டாம்.

வாடகை வீட்டில் இருந்தால் யோசிக்காமல் ரெடிமேட் ஷெட்டே வாங்குங்கள், கழற்றி எடுத்துப்போகலாம். 4க்கு 4 அடியே போதும் என்றால் பிளாஸ்டிக் ஷெட் சரியாக வரும்: துருவும் இல்லை, கரையானும் இல்லை. சுவரில் கனமான எதையும் மாட்ட முடியாது என்பதுதான் குறை. வாங்கும்முன் உதிரித் தகடு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். காற்றடிக்கும் நாளில் பிரித்து மாட்ட ஆரம்பிக்காதீர்கள். கூரை ஏறும்வரை சுவர்கள் தள்ளாடும். நின்றதும் நாலு மூலையையும் அன்றே தரையோடு இறுக்கிப் பிணைத்துவிடுங்கள், காலி ஷெட்டைப் பலத்த காற்று தூக்கிவிடும்.