செர்ரி பாம் கிளாஸ்பேக்: பழைய வி8 (எட்டு சிலிண்டர்) பிக்கப்புக்குக் குறைந்த செலவில் உறுமல்

செர்ரி பாம் கிளாஸ்பேக் என்பது அமெரிக்கச் சாலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடும் சிவப்புக் குழாய் வடிவ மஃப்ளர், அதாவது எஞ்சின் புகை வெளியேறும் குழாயில் சத்தத்தைக் குறைக்கப் பொருத்தும் பாகம். உள்ளே துளையிட்ட நேர்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, அவ்வளவுதான். சத்தத்தை அடக்கும் தடுப்புத் தகடு கிடையாது; அதனால்தான் விலையும் குறைவு, சத்தமும் அதிகம். நீளம் குறையக் குறையச் சத்தம் கூடும். 12 அங்குலக் குழாய் காதைக் கிழிக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நீளமானதே சரி.

வாங்குமுன் வண்டியின் புகைக்குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது, அதைக் கழற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரானது. அதற்குப் பின்னால் இருக்கும் பழைய மஃப்ளரை மட்டும் வெட்டி எடுங்கள். இருபுறமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டால்தான் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து இறுக்க முடியும். யு-போல்ட் கிளாம்ப் (U வடிவக் கம்பியால் இறுக்கும் பிடி) குழாயை நசுக்கிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. அகலத் தகடாகச் சுற்றி இறுக்கும் பட்டைக் கிளாம்புக்குச் சில டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை. வெல்டிங் என்றால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். முடிந்ததும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புநீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிவு.

குறை இரண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் ரீங்காரம். பாதி சிலிண்டர்களை நிறுத்தி ஓடும் எஞ்சின்களில் அது இன்னும் மோசம். கண்ணாடி இழை நாளடைவில் எரிந்து வெளியேற, உறுமல் கரகரப்பாகிவிடும். சிலர் அதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.