எந்தக் கல்லுக்கு எந்த ஸ்கோப்? காரைக்குடி கிளினிக்கில் தெளிவாகச் சொன்னார்கள்

எங்க அப்பச்சிக்கு இடது பக்கம் ரெண்டு கல். சிறுநீர்க்குழாயின் அடியில் 7 மி.மீ., சிறுநீரகத்தின் கீழ் அறையில் 12 மி.மீ. காரைக்குடியில் நாங்கள் காட்டிய யூராலஜி டாக்டர் சி.டி. ஸ்கேனைத் திரையில் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் எந்தக் கருவி, ஏன் என்று பொறுமையாகச் சொன்னார். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்கோப் என்பது சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விட்டுக் கல்லைப் பார்க்கும் கருவி. அதில் ரிஜிட் ஸ்கோப் நேரான உலோகக் குழல். நீடித்து உழைக்கும், செலவும் குறைவு. குழாயின் அடியில் இருக்கும் கல்லுக்கு அதுவே போதும். ஆனால் வளையாது, கீழ் அறைக்குள் எட்டாது. அதற்குத்தான் வளையக்கூடிய ஃப்ளெக்சிபிள் ஸ்கோப். டாக்டர் கையில் எடுத்துக் காட்டினார்: கைப்பிடியில் உள்ள விசையைக் கட்டைவிரலால் தள்ளியதும் நுனி சுமார் 270 டிகிரி வளைந்து, வந்த வழியையே திரும்பிப் பார்க்கிறது! அதன் வழியாக மெல்லிய லேசர் இழையை விட்டுக் கல்லைப் பொடியாக்குவார்களாம். கல் 2 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் முதுகில் சிறு துளை போட்டுத்தான் எடுப்பார்களாம்.

ஆபரேஷனுக்கு முன் யூரின் கல்ச்சர் கட்டாயம் என்றார்கள். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. அப்பச்சி சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை இதய டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்தச் சொன்னார்கள். இந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரே குறை, சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுக்கத் தனிக் கட்டணம் என்று கவுண்டரில் முதலிலேயே சொல்லவில்லை. போகிறவர்கள் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.