18,500 ரூபாய் போனது, எஞ்சினில் கோளாறே இல்லை

படகு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முந்தாநாள்தான் உண்மை தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மல்லிப்பட்டினத்தில் நண்டு வலைக்குப் போகும் ஃபைபர் படகு என்னுடையது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. பத்து நாளுக்கு முன் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம், கிளம்பவில்லை. கழற்றி வேனில் ஏற்றி, பழுது பார்த்து உதிரிபாகமும் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். தீப்பொறி இல்லை. "நீங்களே பாருங்கள் அண்ணே, கரண்டே வரவில்லை. சிடிஐ பெட்டி போய்விட்டது." பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி அது. என் கண்ணாலேயே பார்த்தேனே! அங்கேதான் விழுந்தேன். ஸ்டாப் சுவிட்சில் மாட்டும் கிளிப் வைத்த சிவப்புக் கயிறு அப்போது அவர் மேசையில், டீ கிளாஸ் பக்கத்தில் கிடந்தது. அந்தக் கிளிப் இல்லாவிட்டால் பொறி வராது என்பது, எட்டு வருடமாக அதை மாட்டிக் கழற்றும் எனக்கு உறைக்கவில்லை.

"சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார். வந்தபோது தண்ணீர்ப் பீப்பாயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கருகிய பெட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "இதுதான் உங்கள் பழையது" என்றார். 18,500 ரூபாய். நகையை அடகு வைத்த பணம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு வந்தேன்!

எட்டாம் நாள் மறுபடி அதே கதை. போன் செய்தால் "உப்புக் காற்று அண்ணே", பிறகு "கரண்ட் சாமானுக்கு வாரண்டி கிடையாது", பிறகு "முதலாளி வெளியூர்". கடைசியில் "பில் இருக்கிறதா?" அவர் தந்தது துண்டுச்சீட்டு.

பக்கத்துப் படகுப் பெரியவர் வந்து பிளக்கை முகர்ந்தார். "மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினாயா தம்பி?" நிறுத்தியது என் மருமகன், இரண்டு தடவையும். நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்குத் திருப்பிச் சற்று ஓடவிட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. அடியிலிருந்த திருகைத் தளர்த்தி வடித்து, பிளக்கைத் துடைத்து, எண்ணெய்க் குழாயிலிருக்கும் ரப்பர் பந்தை அமுக்கி பெட்ரோல் ஏற்றினார். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. செலவு, அரை கிளாஸ் பெட்ரோல்.

அப்போதுதான் மூடியைத் திறந்து பார்த்தேன். போன வருடம் சிடிஐ வயரில் நான் கட்டிய நீல வலைநூல் முடிச்சு அப்படியே இருக்கிறது. பெட்டியை அவர் மாற்றவே இல்லை. 18,500 ரூபாய்க்கு வடித்ததும் துடைத்ததும்தான்.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், வலை ஏற்ற ஆள் கூப்பிடுகிறது. சிவப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பிளக் நனைந்திருக்கிறதா பாருங்கள். பாகம் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பாகத்தில் முன்னதாகவே ஓர் அடையாளம் போடுங்கள்.

கருகிய பெட்டி திண்ணையில் கிடக்கிறது. இன்னும் எத்தனை பேரிடம் இதைக் காட்டியிருப்பாரோ.